மறைவு எதுவும் இல்லை

கட்டுச்சோற்று விருந்துக்கு வந்தவர்கள் மண்டப வாசலில் சந்தனம் தொடுவதற்கு முன்னால் மணிக்கட்டை நீட்டினார்கள். பன்னீர்ச் செம்போடு ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், உடம்பின் செல்களைப் படித்துச் சொல்லும் முகப்புமானித் தூண் நின்றது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருந்த பட்டையைத் தூண் ஒரு கணம் பார்த்தது. பிறகு கல்யாண வீட்டுக்கேற்ற குரலில், "மறைவு எதுவும் இல்லை. நலம்" என்றது. அதற்கப்புறம்தான் பன்னீர்.

கோயம்புத்தூரில் இப்போது இதுதான் முறை. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு தூண் தரும் முகப்புக் குறிப்பைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஓட்டல் சமையலறைகளுக்குக் கண்ணாடிச் சுவர் வந்துவிட்டது. ஜன்னலுக்குத் திரை போட்ட வீட்டை அக்கம்பக்கத்தார் ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள். என்னதான் இருக்கிறதாம் அந்த வீட்டில், மறைத்து வைக்க? உடம்புக்குப் போட்ட ஊசி ஊரின் புத்திக்குள்ளும் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அந்த ஊசியைச் செய்தவள் தமயந்தி. இன்றைக்கு அவள் விஞ்ஞானி இல்லை, பெண்ணைப் பெற்றவள். ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் மகிழினிக்கு வளையல் அடுக்கி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் எலுமிச்சஞ்சோறும் கட்டிக்கொண்டு வந்து ஊருக்குப் போட்டு, சாயங்காலம் பிரசவத்துக்கு வடவள்ளி வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பட்டுப்புடவை அவளுக்குப் பழக்கமில்லை. மடிப்பு கலைந்துகொண்டே இருந்தது.

தூணைத் தாண்டி வந்த ஒவ்வொருவரும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிடாமல் என்ன செய்வார்கள்? அவர்களில் பாதிப்பேர் அவளால்தான் உயிரோடு இருந்தார்கள்.

விஷயம் எளிமையானதுதான். உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஒரு கடை மாதிரி. உள்ளே என்ன சரக்கு இருக்கிறதோ, அதில் கொஞ்சத்தைப் பொடித்துணுக்காக நறுக்கி, ஒரு தட்டில் வைத்து, வாசலில் காட்ட வேண்டும். இரத்தத்தில் சுற்றும் காவல்செல்கள் கடை கடையாக நின்று தட்டைத் தடவிப் பார்க்கும். நம் வீட்டுத் துணுக்கு என்றால் பேசாமல் போய்விடும். அந்நியத் துணுக்கு என்றால் உள்ளே கிருமி புகுந்திருக்கிறது, அல்லது அந்தச் செல்லே புத்தி கெட்டுப் புற்றாக மாறியிருக்கிறது என்று பொருள். உடனே கடையோடு சேர்த்து அழித்துவிடும். மனித உடம்பு தோன்றிய நாளிலிருந்து இது நடக்கிறது. ஆனால் புற்றுக்குக் கள்ளத்தனம் உண்டு. காவல் வருகிற நேரம் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளும்.

தமயந்தியின் கணவருக்கு அப்படித்தான் ஆயிற்று. கணையத்தில் ஒளிந்திருந்தது வெளியே தெரிந்தபோது வைத்தியம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அன்றிலிருந்து ஒளிவது என்றாலே அவளுக்கு ஆகாது. மகள் பெரியவளாகி அறைக்கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தபோது, ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்து தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டவள் அவள். மகிழினி அதை இன்னும் மறக்கவில்லை.

அவளுடைய முதல் ஊசியான வெளிக்காட்டி, சோம்பலாக நறுக்கும் செல்களை முடுக்கிவிட்டது. இந்த வருஷம் வந்த இரண்டாம் வெளிக்காட்டி இன்னும் ஒரு படி மேலே. எந்தச் செல்லும், எந்தக் காரணத்துக்காகவும், தட்டை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. அதைச் சுமந்து போகிற சாதுவான கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். புதிதாக எந்தச் செல் முளைத்தாலும் தேடிப்போய் அதிலும் ஏறிக்கொள்ளும். நாளைக்கு வரப்போகும் புற்றையும் இன்றே பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. "விதிவிலக்கே வேண்டாமா?" என்று ஆய்வுக்குழுவில் யாரோ கேட்டபோது, "ஒரு சந்து விட்டா புத்து அந்தச் சந்து வழியாத்தான் போகும்" என்றாள் தமயந்தி. அது உண்மைதானே.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. எலிகளில் பார்த்தார்கள், எல்லாம் ஆண் எலிகள். பெண் எலி இருந்தால் குட்டி போட்டுக் கூண்டை நிரப்பும், கணக்குக் குழம்பும். மனிதர்களிலும் பார்த்தார்கள், கர்ப்பிணிகளை மட்டும் சேர்க்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துச் சோதனை செய்வது பாவம் என்று குழுவில் எல்லோருக்கும் எண்ணம். சோதிப்பது பாவம். சோதிக்காமல் கொடுப்பது பாவம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளியீட்டு விழா மேடையில் தமயந்தியே சொன்னாள்: "கர்ப்பிணிகளுக்கு முதல்ல குடுங்க. ஒரே ஊசியில ரெண்டு உயிர்." கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அந்த வாக்கியம் ஊரெல்லாம் சுவரில் ஏறியது. கர்ப்பிணிகளுக்கான அனுமதி இரண்டு மாதம் கழித்து இந்த வாரம்தான் வந்தது; வந்ததுமே கட்டுச்சோற்றுச் சீரில் வளையலோடு ஊசியும் சேர்ந்துகொண்டது. பெண்ணின் தாய்தான் போட வேண்டும் என்று அதற்கொரு முறையும் வந்துவிட்டது. முறைகளை உண்டாக்குவதற்கு நம்மவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

காலையில் நல்ல நேரத்தில் மகிழினியை மனையில் உட்கார வைத்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, மஞ்சள், நடுவில் வெள்ளிப் பேழையில் ஊசி.

"இப்ப வேண்டாம்மா" என்றாள் மகிழினி, தாய்க்கு மட்டும் கேட்கும்படி. "பொறந்தப்புறம் போட்டுக்கறேன். எனக்கு என்னமோ மனசு ஒப்பல."

"என்ன ஒப்பல? காரணம் சொல்லு."

"காரணமெல்லாம் தெரியல. எல்லாத்தையும் தொறந்து பாத்துத்தான் ஆகோணுமா? உள்ள அவன் பாட்டுக்கு இருக்கான். இருக்கட்டுமே."

தமயந்திக்கு ஒரு கணம் கை தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் சம்பந்தி சௌமியா பக்கத்தில் வந்து நின்றாள். மாப்பிள்ளை தருணின் தாய். நல்ல மனசுக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"ஏனுங் சம்பந்தி, ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு சொந்தப் புள்ளைக்குப் போடாம உட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? இவங்களே நம்பலைன்னு ஆயிருமுங்களே."

நாலு பேர் அல்ல, நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தி மகளின் கையைப் பிடித்தாள். "அம்மா மேல நம்பிக்கை இல்லையா கண்ணு?" என்றாள். மகிழினி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். ஊசி இறங்கியது. குலவை போட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சுமங்கலியாக வந்து கண்ணாடி வளையல் அடுக்கினார்கள்.

சாப்பாடு நன்றாகவே நடந்தது. கடைசிப் பந்தி முடிந்து, நாலு மணி வாக்கில் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சாதிக் வந்தான்.

சாதிக் ஆய்வகத்தில் அவளுடைய வலது கை. அழிந்த கட்டிகளின் எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்து, என்ன வகைப் புற்று என்று சொல்வது அவன் வேலை. அன்றைக்கு விடுமுறை, அவனும் விருந்துக்குத்தான் வர வேண்டியவன். ஆனால் வேலைச் சட்டையோடே வந்திருந்தான். கும்பிட்டவர்களுக்குப் பதில் கும்பிடுகூடப் போடாமல் தமயந்தியைச் சமையல்கட்டுப் பின்பக்கம் அழைத்துப் போனான். பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

"மேடம், போன வாரம் ஸ்வீட் குடுத்தீங்கல்ல. கட்டி கரையற எண்ணிக்கை கூடியிருக்குன்னு."

"ஆமா. அதுலயும் சின்ன வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் அதிகம்."

"கல்யாணம் ஆன சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு." சாதிக் அதை நிறுத்திச் சொன்னான். "எல்லாருக்கும் அடிவயித்துல. பட்டை 'அந்நியம் அகற்றப்பட்டது'ன்னு சொல்லும், நாமளும் வெற்றின்னு எழுதிக்குவோம். பாதிப்பேருக்கு நாள் தள்ளிப்போனதுகூடத் தெரிஞ்சிருக்காது. நேத்து ஒண்ணு பெருசா வந்துச்சு. மரபணுவைப் பிரிச்சுப் பாத்தேன்."

"என்ன வகை?"

"புத்து இல்லீங் மேடம்." அவன் சுற்றும் பார்த்துக்கொண்டான். "அதுல பாதி அந்தப் பொண்ணோட புருஷனோடது."

தமயந்திக்கு முதலில் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, புரிந்துகொள்ள அவள் மூளை இடம் கொடுக்கவில்லை என்பதே சரி. பிறகு கல்லூரி முதல் வருஷத்தில் படித்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. கருவைச் சுற்றி ஒரு வேலி மாதிரி நிற்கும் நச்சுக்கொடிச் செல்கள். உடம்பிலேயே அவை மட்டும் அந்தத் தட்டை வாசலில் வைப்பதில்லை. எப்படி வைக்கும்? கருவில் பாதி தகப்பனுடையது. தாயின் காவல்செல்லுக்கு அது அசல் அந்நியம். தட்டில்லாத கடையைச் சந்தேகப்படுகிற இன்னொரு காவலும் உண்டு; அதற்கு மட்டும் சின்னதாய் ஓர் அடையாளத்தைக் காட்டிச் சமாதானப்படுத்திவிட்டு, மாதக்கணக்கில் அந்த வேலி வாய் திறக்காமல் நிற்கும். ஒளிந்து நிற்கும். ஒளிந்து நிற்பதால்தான் பிள்ளை பிறக்கிறது. இந்த ஊரில் இருக்கிற ஒவ்வொருவரும் அப்படி ஒளித்து வைக்கப்பட்டுப் பிறந்தவர்கள்தான்.

அந்த ஒரு சந்தைத்தான் அவள் அடைத்துவிட்டாள்.

"காலைல மகிழினிக்குப் போட்டேன் சாதிக்" என்றாள். "என் கையால."

சாதிக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வந்ததே அதைத் தடுக்கத்தான். காலையிலிருந்து அவளுடைய போனுக்கு அடித்து ஓய்ந்து போயிருந்தான். போன் எங்கே இருந்தது? பட்டுப்புடவைக்கு இடைஞ்சல் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"தணிப்பு மருந்து" என்றாள் சட்டென்று. ஒரு காலத்தில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்குக் காவல்செல்களை மந்தமாக்கக் கொடுத்த பழைய மருந்து. "அதை உடனே ஏத்துனா காவலைத் தூங்க வெச்சிரலாம். ரெண்டு மாசம் தூங்குனாப் போதும்."

"நம்ம ஊர்ல ஏதுங் மேடம்? காவலை மந்தமாக்கற மருந்தே இருக்கக்கூடாதுன்னு தடை வாங்கினது நம்ம குழுதான். பாலக்காட்டுல ஒரு பழைய ஆஸ்பத்திரில இருக்கு. ஒருவேளை போட்டிருந்தா என்ன பண்றதுன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். இப்பக் கிளம்புனா ஒரு வாய்ப்பு உண்டு."

அவர்கள் மண்டபத்துக்குள் திரும்பியபோது சாயங்காலக் காப்பி ஓடிக்கொண்டிருந்தது. மகிழினி மனையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் வளையல் முழங்கைவரை. அடிக்கொருதரம் கையை ஆட்டி அவற்றைக் குலுக்கினாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்குமாம். கேட்டதற்கு அடையாளமாக உதைக்கிறானாம். தருண் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் மணிக்கட்டுப் பட்டை பேசியது. ஊருக்கே கேட்கும்படிதான் பேசும். மெதுவாகப் பேசும்படி அதைச் செய்யவில்லை. "அந்நியத் துணுக்கு கண்டறியப்பட்டது. இடம், அடிவயிறு. காவல் விழித்தது. அகற்றம் தொடங்கியது. கவலை வேண்டாம்."

மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சௌமியா ஓடி வந்து தமயந்தியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதேவிட்டாள்.

"கட்டி இருந்திருக்குதுங்க சம்பந்தி. புள்ளை பக்கத்துலயே இருந்திருக்குது பாருங்க. இன்னிக்கு நீங்க போட்டதுனால தப்பிச்சாங்க ரெண்டு பேரும். உங்க கை தெய்வக் கைங்க."

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். மகிழினி தட்டவில்லை. அவள் தாயின் முகத்தையே பார்த்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். தமயந்திக்கு வாய் வரை வந்தது. சொன்னால் இந்த நானூறு பேரும் சேர்ந்து கதறுவார்கள், மகள் மயங்கி விழுவாள், நேரம் போகும். அவள் பதறக்கூடாது, பதறினால் வயிறும் பதறும். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. மகள் வேண்டாம் என்றாள், நான் கையைப் பிடித்துப் போட்டேன் என்பதை அவளால் வாயால் சொல்ல முடியவில்லை. பயம் எது, வெட்கம் எது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆகவே, வாழ்க்கையில் முதன்முறையாக, உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி சம்பந்தி, நாங்க கிளம்பறோம். புள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்."

"இப்பவா? ராகு காலம் பொறந்து அஞ்சு நிமிஷங்கூட ஆகலீங்க. ஆறு மணிக்கு மேல கிளம்பலாம். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"இல்லீங், போகோணும்."

"டாக்டரம்மாவுக்கு இதுல நம்பிக்கை இல்லாம இருக்கலாமுங்க. எங்க வீட்டு வாரிசு அது. முதல் பயணம். ராகு காலத்துல வாசப்படி தாண்ட உடமாட்டேன்." சௌமியா நிலைப்படியில் போய்ச் சிரித்தபடியே நின்றுகொண்டாள். விளையாட்டாகத்தான் நின்றாள். பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

தமயந்தி சம்பந்தியின் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு மகளை வெளியே நடத்திப் போனாள். சௌமியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தருண் ஒன்றும் புரியாமல் கட்டுச்சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்து, சாதிக்கின் காரில் வைத்தான். "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்கத்தை" என்றான். மனைவி பிறந்த வீட்டுக்குப் போகும்போது புருஷன் கூடப் போகக்கூடாது என்பது முறை. அந்த முறை ஒன்றுதான் அன்று தமயந்திக்கு உதவியது.

கார் பாலக்காட்டுச் சாலையில் ஏறியது. சாதிக் ஓட்டினான்.

"வடவள்ளிக்கு இந்தப் பக்கமாம்மா போவாங்க?" என்றாள் மகிழினி.

"கட்டி கரையறப்ப ஒருதடவை பாத்துக்கிட்டா நல்லது கண்ணு. பாலக்காட்டுல ஒரு மெஷின் இருக்கு. சின்னப் பரிசோதனைதான்."

"நம்ம ஊர்ல இல்லாத மெஷினா?"

தமயந்தி வெளியே பார்த்தாள். மேற்கே மலைக்கு மேல் வெயில் இன்னும் இருந்தது. சாலையோரச் சுவரில் அவள் படமும், ஒரே ஊசியில் இரண்டு உயிர் என்ற வாசகமும் வந்து வந்து போயின. வேறு பக்கம் பார்த்தால் அந்தப் பக்கச் சுவரிலும் இருந்தன.

"அகற்றம் நடைபெறுகிறது" என்றது மகளின் பட்டை.

அதைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது. கழற்றினால் மறைவு என்று பதிவாகும். அடுத்த தூணிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அந்த விதியையும் அவள்தான் கேட்டு வாங்கியிருந்தாள்.

மகிழினி வளையலைக் குலுக்கினாள். வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். இன்னொரு தரம் குலுக்கினாள்.

"மதியம் அப்படி உதைச்சான்மா. பட்டை பேசுன நேரத்துல ரொம்பவே உதைச்சான். இப்ப ஆளையே காணோம்."

சாதிக்கின் கால் அழுத்தியது. கார் பறந்தது.

"தூங்கறான் போல" என்றாள் மகிழினி. அது கேள்வியாகத்தான் இருந்தது.

"ஆமா கண்ணு. காலைலேர்ந்து சத்தம் பாரு. அலுத்திருப்பான். தூங்கட்டும்."

"அம்மா."

"ம்."

"என்கிட்ட எதையாவது மறைக்கறியா?"

தமயந்தி மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வளையல்கள் குளிர்ந்திருந்தன. தாழ்ப்பாள் இல்லாத அந்த அறைக்கதவு ஏனோ ஞாபகம் வந்தது. இப்போது அவளுக்கு ஒரு தாழ்ப்பாள் தேவைப்பட்டது. முகம் முழுக்க.

"நான் உன்கிட்ட எதைக் கண்ணு மறைக்கப் போறேன்?"

வாளையார் எல்லைத் தூண் வந்தது. முன்னால் ஒரே ஒரு லாரிதான். சாதிக் வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினான். தமயந்தி கையை வெளியே நீட்டினாள். தூண் அவளுடைய கோடிக்கணக்கான செல்களின் வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அத்தனை தட்டுகளும் வெளியே இருந்தன, அத்தனை துணுக்குகளும் அவளுடையவையே.

"மறைவு எதுவும் இல்லை" என்றது தூண். "நலம்."